219 மீனில் ஒன்று

காவிரி தமிழ்நாட்டு எல்லையைத் தொடும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. ஆற்றில் விநாடிக்கு எத்தனை கன அடி நீர் வருகிறது என்பது அங்கே நாள்தோறும் பதிவாகிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஆண்டுக்கு 177.25 டிஎம்சி இங்கே கணக்கில் வர வேண்டும். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. புள்ளிக்குப் பிறகு வரும் அந்த 25 மட்டுமே 25 கோடி கன அடி. இரு மாநிலங்களில் எதுவும் அதை விட்டுக்கொடுக்காது.

அந்த நீர் கீழிறங்கி, தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில், ஒகேனக்கல் பாறைகளுக்கிடையே விழுகிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் 2013 முதல் இதுவே கூட்டுக் குடிநீர். திட்டச் செலவு 1,928.80 கோடி ரூபாய். எவ்வளவு நீர் வருகிறது, எவ்வளவு போகிறது என்பதற்கெல்லாம் பதிவேடு உண்டு.

நீருக்குள் இருப்பவற்றுக்கும் ஒரு காலத்தில் ஒரு பதிவேடு இருந்தது. அதை எழுதியவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர், ஆய்வாளர்களும் அல்லர். விடுமுறையில் தூண்டிலோடு வந்தவர்கள்.

ஒகேனக்கலுக்கு மேலே, கர்நாடகத்தின் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள், காலிபோரே என்ற இடத்தில் ஒரு தூண்டில் முகாம் இருந்தது. அங்கே வந்தவர்கள் தேடியது மகசீரை. மகசீர் என்பது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய ஆற்று மீன். வேகமாக ஓடும் நீரில் வாழ்வது. காவிரியின் மகசீர் முதுகு உயர்ந்து கூன்போல் எழுந்தது. உலகில் வேறு எந்த ஆற்றுப் படுகையிலும் கிடையாது. 1946இல் காவிரியின் துணை ஆறான கபினியில் வான் இன்ஜென் என்ற மைசூர்க்காரர் பிடித்த மகசீர் 120 பவுண்டு எடை இருந்தது. ஏறத்தாழ 54 கிலோ. நன்கு வளர்ந்த ஒரு மனிதரின் எடை.

முகாமின் விதி எளியது. பிடித்த மீனை எடை போட வேண்டும், எழுத வேண்டும், ஆற்றிலேயே விட வேண்டும். எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள் என்பதையும் எழுதினார்கள். மீனின் சாயலையும் குறித்தார்கள்: பொன்னிறமா, துடுப்பு நீலமா. 1998 முதல் 2012 வரை இந்தப் பதிவு தொடர்ந்தது. மொத்தம் 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மகசீர். சராசரியாக ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு ஒரு மீன். சிறியது அரைக் கிலோவுக்கும் குறைவு. பெரியது 46 கிலோவுக்கு மேல்.

பிரிட்டனைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டர், ராபர்ட் பிரிட்டன், கேரளத்தின் ராஜீவ் ராகவன் ஆகியோர் இந்தப் பதிவை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். முதல் முடிவு நல்ல செய்தியாக இருந்தது. ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைத்த மீன்களின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு உயர்ந்திருந்தது. மீனின் சராசரி எடை குறைந்திருந்தது. அதாவது இளம் மீன்கள் நிறையப் பிழைத்து வந்தன. பிடித்து விடும் வழக்கத்துக்கும் முகாம்களால் கிடைத்த காவலுக்கும் பலன் இருந்தது. மகசீர் பெருகிக்கொண்டிருந்தது. பதிவில் சாயல் என்ற பத்தி இல்லாதிருந்தால் ஆய்வு அங்கேயே முடிந்திருக்கும்.

சாயல் பத்தி சொன்னது இது. 1998இல் நீலத்துடுப்பு மீன் ஒன்றுக்குப் பொன்னிற மீன் நான்கு. 2012இல் நீலத்துடுப்பு 218, பொன்னிறம் 1.

பொன்னிறம்தான் கூன்முதுகு மகசீர். 1998இல் பிடிபட்ட ஐந்து மகசீரில் நான்கு அது. 2012இல் 219இல் ஒன்று. நூற்றுக்கு எண்பதிலிருந்து நூற்றுக்கு அரைக்கும் கீழே. எடுத்துக்கொண்ட காலம் 14 ஆண்டுகள். அந்தக் காலம் முழுவதும் ஆற்றில் மகசீர் கூடிக்கொண்டே வந்தது.

நீலத்துடுப்பு மகசீர் காவிரியின் மீன் அல்ல. அதன் ஊர் கிருஷ்ணா படுகை. டாட்டா மின் நிறுவனம் மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் மகசீர்க் குஞ்சு பொரிப்பகம் நடத்தியது. இந்திய ஆறுகளில் மகசீர் அருகிவருகிறது என்ற கவலையில் பிறந்த வேலை அது. 1970களிலிருந்து அந்தக் குஞ்சுகள் பல மாநிலங்களுக்குப் போயின, காவிரியிலும் விடப்பட்டன. மகசீர் குறைகிறது, ஆகவே மகசீரை விடுகிறோம் என்பது அன்றைய கணக்கு. எந்த மகசீர் என்ற கேள்வி அப்போது பெரிதாக எழவில்லை. நோக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. விளைவு மேலே உள்ள விகிதம்.

வந்த மீன் மட்டுமே காரணம் என்று இந்த விகிதம் நிரூபிப்பதில்லை. அணை, மணல் எடுப்பு, மீனுக்கு வைக்கும் வெடி, கோடையில் சுருங்கும் ஆறு ஆகியவை எல்லாம் சேர்ந்தே இயங்கின. ஆனால் அவை இரண்டு மீன்களின் மீதும் விழுந்த அடிகள். ஒன்று பெருகியது, மற்றது மறைந்தது.

காலிபோரேயில் நடந்தது போன்ற பதிவைக் கடலில் செய்பவர்கள் ஸ்கூபா முக்குளிப்போர்: முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு, நீரடியில் மூச்சுவிட்டபடி இருக்கக் கற்றவர்கள். அமெரிக்காவின் ரீஃப் அமைப்பு 1993இல் தன்னார்வ முக்குளிப்போரை மீன் கணக்குக்கு அழைத்தது. நீர் புகாத பலகை, பென்சில், நான்கு வகுப்புகள்: ஒன்று, இரண்டு முதல் பத்து, பதினொன்று முதல் நூறு, நூறுக்கு மேல். இவ்வளவுதான் முறை. 1996இல் தொடங்கிய ரீஃப் செக் இன்னும் கறாரானது. பவளத்திட்டின் மேல் 100 மீட்டர் நாடாவை விரித்து, நான்கு 20 மீட்டர் துண்டுகளில் குறிப்பிட்ட சில உயிர்களை மட்டும் எண்ணுவார்கள். கணக்காயர், ஆசிரியர், ஓட்டுநர் என்று யாரும் பயிற்சி பெற்றுச் செய்யலாம்.

ஒரு முக்குளிப்பின் குறிப்புக்குத் தனியாக மதிப்பு அதிகமில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான குறிப்புகளில், எவ்வளவு நேரம் தேடினார்கள் என்பதும் இருந்தால், காணாததும் தகவலாகிவிடும். யாரும் தேடாத இடத்தில் ஓர் உயிர் இல்லாமல் போனால் அதை எழுதும் பத்தியே இருக்காது.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் இது நடந்து காட்டியது. அங்கே சூரியகாந்தி நட்சத்திரமீன் என்றொரு கடலடி உயிர் உண்டு. இருபதுக்கும் மேற்பட்ட கைகள், ஒரு மீட்டர் வரை அகலம். கடல் முள்ளெலிகளைத் தின்பது. மீன்பிடித் துறைக்கு அதனால் வருமானம் இல்லை. ஆகவே அரசுகள் அதை எண்ணி வைப்பதற்குக் காரணமும் குறைவு. முக்குளிப்போர் எண்ணி வைத்திருந்தார்கள். 2013இல் நட்சத்திரமீன்களின் உடல் சிதைந்து கரையும் நோய் பரவியது. தன்னார்வலர் பதிவுகளையும் அரசின் இழுவலைப் பதிவுகளையும் சேர்த்து ஆராய்ந்த குழு 2019இல் முடிவை வெளியிட்டது: ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் கரையில் 80 முதல் 100 சதவீத வீழ்ச்சி. 2020இல் அந்த உயிர், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மிக அருகிய இனமாகச் சேர்ந்தது. இறந்தவை 500 கோடிக்கும் மேல் என்பது மதிப்பீடு.

தின்பவர் போனதும் முள்ளெலி பெருகியது. கடல் வெப்பமும் சேர்ந்துகொள்ள, முள்ளெலி கெல்ப் எனும் உயரமான கடற்பாசிக் காடுகளை மேய்ந்து தீர்த்தது. வடக்குக் கலிபோர்னியாவில் 350 கிலோமீட்டர் கரையில் அந்தக் காட்டின் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. கெல்பைத் தின்று வாழ்ந்த அபலோனி நத்தை பட்டினியில் இறந்தது. அதைப் பிடிக்கும் அனுமதி 2018இல் மூடப்பட்டது. நோய்க்குக் காரணமான பாக்டீரியா அடையாளம் காணப்பட்டது 2025இல்தான், இறப்பு தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. 2013க்கு முந்தைய பதிவுகள் இருந்ததால் எவ்வளவு போயிற்று என்றாவது தெரிந்தது.

தமிழ்நாட்டுக் கடலிலும் அத்தகைய பதிவு உண்டு, தன்னார்வலர்களுடையது அல்ல என்றாலும். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முக்குளிப்பு ஆய்வாளர்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றித் தொடர்ந்து அளக்கிறார்கள். 2016இல் கடல் வெப்பத்தால் பவளங்கள் வெளுத்தபோது, உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதத்துக்கு இறங்கியது. ஒரே கோடையில் நடந்தது. முதல் எண் கையில் இல்லாதிருந்தால் இரண்டாவது எண் இயல்பாகவே தோன்றியிருக்கும்.

தருமபுரிக்குக் கடல் இல்லை. ஒகேனக்கலில் காற்று உருளையோடு இறங்கி மீன் எண்ணவும் முடியாது. மழைக்காலத்தில் நீர் சேறாக இருக்கும், பாறை இடுக்குகளில் சுழல் இழுக்கும், முதலையும் உண்டு. தூண்டில், வலை, கரையில் வந்திறங்கும் மீன் ஆகியவையே ஆற்றுக்குள் பார்க்கும் கண்கள். காலிபோரேயின் பதிவேட்டுக்கு அத்தனை மதிப்பு வந்தது அதனால்தான்.

அந்தப் பதிவேடு 2012இல் நின்றது. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒவ்வாது என்ற நிலையில் முகாம்களின் தூண்டில் விளையாட்டு முடிவுக்கு வந்தது. காட்டு விலங்கைக் காக்கும் சட்டம் அதன் போக்கில் சரியாகவே வேலை செய்தது. கணக்கு மட்டும் 218க்கு 1 என்ற வரியோடு முடிந்துபோனது.

இன்னொரு தடையும் இருந்தது. இந்த மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் இல்லை. 1873இல் ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியத் தூண்டில் மீன்களைப் பற்றி நூல் எழுதிய காலத்திலிருந்தே தென்னிந்திய மகசீர் வெள்ளையர்களிடையே புகழ்பெற்றது. உலகெங்கும் இருந்து ஆட்கள் அதைப் பிடிக்க வந்தார்கள். தோள்மேல் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வகைப்பாட்டில் அது எந்த இனம் என்பது முடிவாகாமல் கிடந்தது. 2015இல் வெளியான ஆய்வுக் கட்டுரையொன்றின் தலைப்பிலேயே அது பெயர் முடிவாகாத மகசீர் இனம் என்றுதான் குறிப்பிடப்பட்டது. முடிவான பெயர் இல்லாமல் சிவப்புப் பட்டியலில் மதிப்பிட முடியாது. பட்டியலில் இல்லாத உயிர், பாதுகாப்புத் திட்டங்களின் கணக்கிலும் வராது.

2018 ஜூனில் விடை வந்தது. பிண்டர், ராகவன் ஆகியோரோடு கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலனும் சேர்ந்த குழு, மோயாற்றில் கிடைத்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டது. கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களை வைத்து 2007இல் விவரிக்கப்பட்ட டோர் ரெமதேவி என்ற இனமே இது என்று தெரிந்தது. பாம்பாறு அமராவதியில் சேர்கிறது, அமராவதி காவிரியில். அதே ஆண்டு நவம்பரில் அது மிக அருகிய இனமாகப் பட்டியலில் ஏறியது. அழிவதற்கு முந்தைய படிகளில், காட்டில் இன்னும் உயிரோடு இருக்கும் இனங்களுக்கு அதைவிடக் கடுமையான படி இல்லை. தாமஸின் நூலிலிருந்து பெயர் வரை 145 ஆண்டுகள். பெயரிலிருந்து பட்டியல் வரை ஐந்து மாதம்.

ஒகேனக்கலுக்கு வருபவருக்கு மீன் குறைந்ததாகத் தெரியாது. மசாலா தடவி வறுக்கும் கடைகள் நிறைய. தட்டில் வருபவற்றில் பல இந்த ஆற்றைச் சேர்ந்தவை அல்ல. கட்லா 20ஆம் நூற்றாண்டில் தெற்கே கொண்டுவரப்பட்டது. ரோகு கங்கைச் சமவெளியின் மீன், குஞ்சாக விடப்படுவது. ஜிலேபி என்று விற்கப்படும் திலாப்பியா ஆப்பிரிக்க மீன். 1952இல் இந்தியாவுக்கு வந்து, இன்று குளம், ஏரி, ஆறு எங்கும் இருக்கிறது. டன் கணக்கில் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. காலிபோரேயிலும் சாயல் பத்தியை மூடிவிட்டுப் பார்த்தால் எந்தக் குறையும் இருக்கவில்லை.

ஒகேனக்கலுக்குக் கீழே மேட்டூர் நீர்த்தேக்கம் தொடங்குகிறது. 1934இல் திறக்கப்பட்ட அணை, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அதற்கு முன் கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்து முட்டையிட்ட உல்லம் என்ற ஹில்சா, அணைக்குப் பிறகு இல்லாமல் போனது. சென்னை மாகாண மீன்வளத் துறையைச் சேர்ந்த சுந்தரராஜ் மேட்டூரின் பாடங்களைப் பற்றி 1941லேயே எழுதினார். இந்தியாவின் பெரிய அணைகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு கட்டப்பட்டவை.

இப்போது ஒகேனக்கலுக்கு மேலே, மேகதாதுவில், 67.16 டிஎம்சி கொள்ளும் அணைக்குக் கர்நாடகம் 2019இல் விரிவான திட்ட அறிக்கை அளித்திருக்கிறது. இதைப் பற்றிய பேச்சு இரு மாநிலங்களிலும் பெரும்பாலும் டிஎம்சியிலேயே நடக்கிறது. அணை ஓடும் நீரைத் தேங்கும் நீராக்கும். மகசீர் வெள்ளத்தோடு மேலேறி, ஓடும் நீரின் கூழாங்கல் படுகையில் முட்டையிடும் இனம். இரண்டு தேக்கங்களுக்கிடையே மிஞ்சும் ஓட்டத்தில்தான் ஒகேனக்கல் இருக்கும்.

கோடையில் ஆறு சில நூறு கன அடிக்குச் சுருங்கும். அப்போது பெரிய மீன்கள் ஆழமான மடுக்களில் கூடும். தோட்டா போடுபவர்களுக்கும் அந்த மடுக்கள் தெரியும். வெடித்த இடத்தில் பெரியது, குஞ்சு, முட்டை எதுவும் தப்பாது. மிதப்பதைப் பொறுக்குவார்கள், அடியில் தங்குவது வீண். வெடியும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பதை இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் தடை செய்தது. அன்றைக்கே சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகள் வளர்ந்தே பெரிதாகும் மீனுக்கு ஒரு மடுவின் இழப்பு ஒரு தலைமுறையின் இழப்பு.

நிலத்தின் பக்கம் பாதுகாப்பு கூடியிருக்கிறது. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம், 504.33 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் காவிரி தெற்கு, 686.406 சதுர கிலோமீட்டர். தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளில் ஒரு பகுதி இவற்றுள் வருகிறது. யானைக்கு இது நல்ல செய்தி. ஆற்று நீர்நாய்க்கும், 2021இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்ட லீத் மெல்லோட்டு ஆமைக்கும் கரை பாதுகாப்பானது. பறவைகளை எண்ண 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் வீட்டு மாடியில் நின்றுகூடக் கலந்துகொள்ளலாம். மீனை எண்ண மாடி உதவாது.

இப்போது ஒரு குவளை நீரை வைத்து உள்ளே எந்த உயிர் இருந்தது என்று சொல்லும் முறை வந்திருக்கிறது. சுற்றுச்சூழல் டிஎன்ஏ என்று பெயர்: செதில், சளி, கழிவு ஆகியவற்றிலிருந்து நீரில் கரைந்த மரபணுத் துணுக்குகளைப் படிப்பது. இருக்கிறதா, இல்லையா என்பதற்கு அது விடை தரும். எத்தனை, எவ்வளவு பெரியது என்பதற்கு இன்னும் யாரோ ஒருவர் மீனைப் பார்த்து எழுத வேண்டும்.

கூன்முதுகு மகசீர் இனப்பெருக்கம் செய்து வாழ்வதாக 2018 ஆய்வு உறுதிசெய்த இடம் மோயாறு. நீலகிரியிலிருந்து இறங்கி, முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையில் காட்டுப் பள்ளத்தாக்கில் ஓடும் ஆறு அது. அங்கிருந்து ஒரு மகசீர் ஒகேனக்கலுக்கு வருவதென்றால் முதலில் பவானிசாகர் தேக்கத்தைக் கடந்து 1955இல் முடிந்த அணைக்குக் கீழே இறங்க வேண்டும். பிறகு கொடிவேரி அணைக்கட்டைத் தாண்டிப் பவானி கூடுதுறையில் காவிரியை அடைய வேண்டும். அங்கிருந்து ஆற்றை எதிர்த்து, நெரிஞ்சிப்பேட்டை, செக்கானூர் முதலிய கதவணைகளைக் கடக்க வேண்டும். அதற்கு மேல் மேட்டூர் அணை. உயரம் 214 அடி.